படம் யாருடையது?

ஓணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கிழக்கேகோட்டையில் எங்கள் வகுப்பு மாலை ஆறரை மணிக்குத் தொடங்கும். கடையை அடைத்துவிட்டு வருபவர்கள் உண்டு. அடுப்பை அணைத்துவிட்டு வருபவர்களும் உண்டு. எல்லோரும் தமிழில் எழுதப் படிக்க வருகிறவர்கள்.

அன்று ஒரு அக்கா தாமதமாக வந்தார். கண் சிவந்திருந்தது. நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவில்லை. செல்போனை என் முன்னே நீட்டினார்.

"டீச்சரே, இதைப் பாருங்க. இது என் மக. இது என் வீட்டு நடை. ஆனா விக்கிறது வேற யாரோ!"

போனை வாங்கிப் பார்த்தேன். ஒரு சிறு பெண் கசவுப் பாவாடை கட்டி நிற்கிறாள். பக்கத்தில் துளசி மாடம். கீழே விலை போட்டிருக்கிறது: 399 ரூபாய்.

அந்த அக்கா வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறார். பாலராமபுரம் கைத்தறித் துணி வாங்கிக் குழந்தைகளுக்குப் பாவாடை, சட்டை தைக்கிறார். ஒரு ஜோடி 850 ரூபாய். போன ஓணத்துக்கு மகளுக்கு ஒன்று கட்டிவிட்டுப் போட்டோ எடுத்தார். அதை இணையத்தில் விற்பனைப் பக்கத்தில் போட்டார். இருபத்தாறு ஜோடி விற்றது. அந்தப் பணத்தில்தான் மகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு நடந்தது.

இந்த வருடம் அதே போட்டோவை வேறு ஒரு வியாபாரி எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுவிட்டார். அவர் அனுப்புவது விசைத்தறித் துணி. கரமனையில் உள்ள ஓர் அம்மாள் அக்காவின் பழைய வாடிக்கைக்காரர். படத்தைப் பார்த்து அக்காவின் சரக்கு என்று நம்பி வாங்கிவிட்டார். ஒரு துவைப்பில் துணி சுருங்கியது. சரிகை கறுத்தது. அவர் அக்காவைக் கூப்பிட்டுத் திட்டினார்.

"பணம் போனாக்கூடப் பரவாயில்ல டீச்சரே. பேரு போச்சே!" என்றார் அக்கா.

வகுப்பில் எல்லோரும் கோபப்பட்டார்கள். ஓர் அண்ணாச்சி மட்டும் பேசாமல் இருந்தார். அவர் சாலைக் கடைத்தெருவில் குத்துவிளக்கு விற்பவர். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், நானும் விளக்குக்கு அப்படித்தான் ஒரு படம் எடுத்துப் போட்டிருக்கேன். போன்ல கிடந்தது. நல்லாப் பளபளன்னு இருந்துச்சு. அது தப்பா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி பலருக்கும் உள்ள கேள்விதான். அதற்குப் பதில் தேடித்தான் இந்தப் பாடம்.

கையால் பார்ப்பதும் கண்ணால் பார்ப்பதும்

விழிஞ்சம் கடற்கரையில் மீன் ஏலம் பார்த்திருக்கிறீர்களா? மீனைக் குவித்துப் போடுவார்கள். ஒருவர் விலை சொல்வார். மற்றவர் ஏற்றிக் கேட்பார். கேட்கும் முன் மீனைப் புரட்டிப் பார்ப்பார்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் புது மீன். வெளுத்திருந்தால் பழசு.

இணையத்தில் நடக்கும் விற்பனையில் இப்படிப் பார்க்க முடியாது. தொட முடியாது. முகர முடியாது. தட்டி ஓசை கேட்க முடியாது. நம் கையில் இருப்பது படம் ஒன்றுதான். படத்தை நம்பித்தான் பணம் கொடுக்கிறோம். ஆகவே அங்கே படம் என்பது வெறும் அலங்காரம் அல்ல. அது வியாபாரி கொடுக்கும் வாக்கு. "நான் அனுப்பப் போவது இதுதான்" என்று அவர் சொல்கிறார்.

இணையத்தில் ஏலம் 1990களில் வந்தது. 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் ஓர் ஏலப் பக்கம் தொடங்கினார். பின்னால் அதற்கு ஈபே என்று பெயர் வந்தது. அதில் முதலில் விற்ற பொருள் என்ன தெரியுமா? பழுதான ஒரு லேசர் விளக்கு. விலை 14 டாலர் 83 சென்ட். பழுது என்பதை அவர் மறைக்கவில்லை. சொல்லித்தான் விற்றார். பழுதான பொருளுக்கும் உண்மை சொன்னால் வாங்க ஆள் உண்டு!

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு பாஸி என்ற ஏலப் பக்கம் தொடங்கியது. 2004-இல் ஈபே அதை விலைக்கு வாங்கியது. 2017-இல் ஈபேயின் இந்தியப் பிரிவு பிளிப்கார்ட் கைக்குப் போனது. 2018 ஆகஸ்டில் அந்தப் பக்கம் மூடப்பட்டது. இன்று நம் ஊரில் இணைய விற்பனை பெரும்பாலும் நிலையான விலைக்குத்தான் நடக்கிறது.

ஏலம் ஆனாலும், நிலையான விலை ஆனாலும் ஒரு பழக்கம் தொடர்ந்து வருகிறது. அடுத்தவர் படத்தை எடுத்துத் தன் சரக்குக்குப் போடுவதுதான் அது. ஈபே இதைத் தடை செய்து விதி வைத்திருக்கிறது. படத்துக்கு உரியவர் புகார் செய்தால் அந்த விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள். மற்ற விற்பனைப் பக்கங்களிலும் புகார் செய்ய வழி உண்டு.

படத்துக்குச் சொந்தக்காரர் யார்?

நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அது 1957-ஆம் ஆண்டுச் சட்டம். 1958 ஜனவரி 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. கதை எழுதியவருக்குக் கதை சொந்தம். பாட்டு எழுதியவருக்குப் பாட்டு சொந்தம். அதுபோலப் போட்டோ எடுத்தவருக்குப் போட்டோ சொந்தம். சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

"நான் பெரிய போட்டோக்காரனா? சாதாரணப் போனில்தானே எடுத்தேன்!" என்று நினைக்க வேண்டாம். படம் அழகாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. எங்கும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. நீங்கள் எடுத்த உடனே உரிமை உங்களுக்கு வந்துவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பத்மநாபசுவாமி கோயில் பக்கம் போனால் பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே மேத்தன் மணி இருக்கிறது. பெரிய கடிகாரம். மேலே தாடி வைத்த ஒரு முகம். மணி அடிக்கும்போது இரண்டு பக்கமும் ஆட்டுக்கடா வந்து கன்னத்தில் முட்டும். அதை யாரும் போட்டோ எடுக்கலாம். நீங்கள் எடுத்தால் அது உங்கள் படம். நான் எடுத்தால் அது என் படம். கடிகாரம் ஒன்றுதான். படம் இரண்டு. ஆனால் நான் வெயிலில் நிற்கச் சோம்பல்பட்டு, உங்கள் படத்தை எடுத்து என் பெயரில் விற்றால் அது தப்பு.

சரக்கும் இப்படித்தான். குத்துவிளக்கை யாரும் விற்கலாம். கசவுப் பாவாடையை யாரும் தைக்கலாம். அது அவரவர் உழைப்பு. அடுத்தவர் எடுத்த போட்டோவை மட்டும் கேட்காமல் எடுக்கக் கூடாது.

பணம் கொடுத்து ஸ்டூடியோக்காரரை வைத்துப் படம் எடுத்தால்? வேறு ஒப்பந்தம் இல்லை என்றால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. இதையும் சட்டம் சொல்கிறது. ஆனாலும் ஸ்டூடியோக்காரரிடம் ரசீதில் ஒரு வரி எழுதி வாங்கிக் கொள்வது நல்லது.

இந்த உரிமை என்றென்றைக்கும் இருக்குமா? இருக்காது. இன்றைய சட்டப்படி, படம் எடுத்தவரின் ஆயுள் முழுவதும் இருக்கும். அவர் இறந்த பிறகு இன்னும் 60 ஆண்டு இருக்கும். பிறகு படம் எல்லோருக்கும் பொது. நம் மாவட்டத்துக் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வரைந்த லட்சுமி, சரஸ்வதி படங்கள் நம் வீடுகளில் இருக்கின்றன. அவர் 1906-இல் காலமானார். ஆகவே அவர் வரைந்த படங்களுக்கு இப்போது அந்த உரிமை இல்லை. யாரும் அச்சிடலாம். ஆனால் போன வாரம் ஓர் அக்கா எடுத்த பாவாடைப் படம் அப்படி அல்ல.

"எல்லோரும்தானே செய்கிறார்கள்!"

வகுப்பில் பலர் பல சந்தேகம் கேட்டார்கள். அவற்றை இங்கே தருகிறேன்.

"வாட்ஸ்அப்பில் வந்த படம்தானே? எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்களே. அப்புறம் அது பொதுச் சொத்துத்தானே?"

இல்லை. வாசலில் கோலம் போட்டிருந்தால் எல்லோரும் பார்க்கலாம். பார்க்கலாம் என்பதால் கோலம் போட்ட வாசல் நம்முடையது ஆகிவிடாது. படத்தைப் பார்க்க அனுப்புவது வேறு. வியாபாரத்துக்கு எடுத்துக்கொள் என்று சொல்வது வேறு.

"படத்தில் பெயர் எழுதவில்லையே?"

எழுதாவிட்டாலும் உரிமை உண்டு. வெளியே காயும் வேட்டியில் பெயர் இல்லை. அதற்காக எடுத்துக் கட்டிக்கொண்டு போகலாமா?

"கொஞ்சம் வெட்டிவிட்டேன். நிறத்தை மாற்றிவிட்டேன். அப்போது அது என் படம்தானே?"

அப்போதும் அது அவர் படம்தான். வெட்டினாலும் நிறம் மாற்றினாலும் அடிப்படை அவருடையது.

"நான் மொத்தக் கடையில் வாங்கி விற்கிறேன். கடைக்காரரே படம் அனுப்புகிறார். அதைப் போடலாமா?"

போடலாம். அவர் அனுமதி தருகிறார். ஆனால் அந்தப் படம் அவருடையதுதானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தப் பதிலைப் போனில் அழிக்காமல் வைத்திருங்கள். வந்த சரக்கு படத்தில் உள்ளது போல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"நானும் அதே சரக்குத்தான் விற்கிறேன். அதே விளக்கு, அதே அளவு. அப்போதும் தப்பா?"

இதுதான் விளக்குக்கடை அண்ணாச்சியின் கேள்வி. சரக்கு ஒன்றாக இருந்தால் வாங்குபவருக்கு ஏமாற்றம் குறைவு. அது உண்மை. ஆனால் படம் எடுத்தவரின் உழைப்பு உழைப்புத்தான். விளக்கைத் துடைத்து, திரி போட்டு, நல்ல வெளிச்சம் பார்த்து அவர் எடுத்தார். உங்களிடம் அதே விளக்கு இருக்கிறது அல்லவா? நீங்களே ஒரு படம் எடுத்துவிடலாமே!

யாருக்கு நஷ்டம்?

முதல் நஷ்டம் படம் எடுத்தவருக்கு. அவர் சரக்கு விற்காது. பெயரும் கெடும்.

இரண்டாவது நஷ்டம் வாங்குபவருக்கு. அவர் ஒன்றைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார். வேறொன்று வந்து சேர்கிறது.

மூன்றாவது நஷ்டம் நமக்குத் தெரியாத ஒருவருக்கு. பாலராமபுரத்தை நினைத்துப் பாருங்கள். நாகர்கோவில் போகும் வழியில் இருக்கும் நெசவு ஊர். அங்கே குழித்தறியில் உட்கார்ந்து நாடாவைக் கையால் எறிந்து நெய்கிறார்கள். அந்த நெசவுக்குப் புவிசார் குறியீடு உண்டு. கைத்தறித் துணி என்று அடையாளம் காட்ட 2006 முதல் கைத்தறி முத்திரையும் இருக்கிறது. முத்திரை துணியில் இருக்கும். இணையத்தில் துணி தெரிவதில்லை. படம்தான் தெரிகிறது. கைத்தறிப் படத்தைப் போட்டு விசைத்தறித் துணியை விற்றால் என்ன ஆகும்? வாங்கியவர், "கைத்தறி என்றால் இவ்வளவுதானா?" என்று நினைப்பார். அடுத்த தடவை வாங்க மாட்டார். அந்த அடி தறியில் உட்கார்ந்திருப்பவர் வயிற்றில் விழும்.

நான்காவது நஷ்டம் படத்தை எடுத்துப் போட்டவருக்கும் உண்டு. சரக்கு திரும்பி வரும். அனுப்பிய கூலி போகும். "ஏமாற்றுக்காரர்" என்று எழுதிவிடுவார்கள். அதை எல்லோரும் படிப்பார்கள். சட்டத்தின் பிடியும் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவைப் பாருங்கள். அடுத்தவர் உரிமையைத் தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50 ஆயிரம் ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யாதவருக்கு நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் நாம் பேசுவது வியாபாரத்தைப் பற்றித்தானே!

நீதிமன்றம் என்ன சொன்னது?

2022-ஆம் ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தொடுத்தவர் ஒரு துணி வியாபாரி. வி டிரெடிஷன் என்ற பெயரில் உடைகள் விற்பவர். பிளிப்கார்ட் பக்கத்தில் அவர் சரக்கு நன்றாக விற்றது.

அந்தப் பக்கத்தில் அப்போது ஒரு வசதி இருந்தது. புதிதாக விற்க வருபவருக்கு நன்றாக விற்கும் சரக்குகளைக் காட்டும். அவர் அந்தச் சரக்கோடு தன்னையும் ஒட்டிக்கொள்ளலாம். அப்போது முதல் வியாபாரியின் பெயர், படம் எல்லாம் இவருக்கும் வந்துவிடும். வாங்குபவருக்கு இருவரும் ஒன்று போலத் தெரிவார்கள். ஓடும் பஸ்ஸில் பின்னால் தொற்றிக்கொள்வது போல!

2022 ஆகஸ்ட் 2 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் இடைக்கால உத்தரவு கொடுத்தார். உரியவர் அனுமதி இல்லாமல் இப்படி ஒட்டிக்கொள்ள விடக் கூடாது. ஒருவர் சம்பாதித்த நற்பெயரின் மேல் மற்றவர் சவாரி செய்யக் கூடாது. இதுதான் அந்த உத்தரவின் சாரம். அந்த வியாபாரியின் சரக்கோடு மற்றவர்கள் ஒட்டிக்கொள்ள வசதி தரக் கூடாது என்று நிறுவனத்துக்கு உத்தரவானது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. படத்தை எடுத்தவர் மட்டும் அல்ல, எடுக்க வழி செய்து கொடுப்பவரும் பதில் சொல்ல வேண்டும்.

நம் சரக்கை நாமே படம் எடுப்போம்

நல்ல படம் எடுக்க விலை உயர்ந்த போன் வேண்டாம். கொஞ்சம் கவனம் போதும்.

காலை வெளிச்சம் நல்லது. ஜன்னல் பக்கம் வைத்து எடுங்கள். உச்சி வெயிலில் நிறம் வெளுத்துத் தெரியும்.

பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். சரக்கு எடுப்பாகத் தெரியும்.

போன் கண்ணாடியை எடுக்கும் முன் பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் பட்டால் படம் மங்கும்.

முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் என்று நான்கைந்து படம் எடுங்கள். அளவு தெரிய ஓர் அடிக்கோலைப் பக்கத்தில் வையுங்கள்.

கீறல், கறை, ஒடுக்கு இருந்தால் அதையும் எடுங்கள். பழைய பொருள் விற்பவர் விற்கப் போகும் அந்தப் பொருளையேதான் எடுக்க வேண்டும். புதுப் பொருளின் படத்தைப் போடக் கூடாது.

ஒரு சிறு அட்டையில் உங்கள் கடைப் பெயரையும் தேதியையும் உங்கள் கையால் எழுதுங்கள். அதைச் சரக்கின் மேலேயே வைத்து ஒரு படம் எடுங்கள். ஓரத்தில் வைத்தால் வெட்டிவிடுவார்கள். நடுவில் வைத்தால் வெட்டுவது கடினம். நாம் எழுதக் கற்றது இதற்கும் உதவுகிறது, பார்த்தீர்களா!

குழந்தையின் முகம் தெரியாமல் எடுப்பது நல்லது. கழுத்துக்குக் கீழே எடுக்கலாம். முகம் எங்கெங்கோ சுற்றி வந்தால் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்கும்.

எடுத்த படத்தைப் போனில் இருந்து அழிக்க வேண்டாம். வெட்டாத முழுப் படமும் தேதியும்தான் நாளைக்கு நம் சாட்சி.

நம் படம் திருட்டுப் போனால்?

அழுதுகொண்டு உட்கார வேண்டாம். சண்டைக்கும் போக வேண்டாம். வரிசையாக இதைச் செய்யுங்கள்.

1. அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படம், விலை, வியாபாரி பெயர், தேதி எல்லாம் தெரிய வேண்டும். பக்கத்தின் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அவர் எடுத்துவிட்டால் பிறகு சாட்சி இருக்காது.

2. வேறு எங்கெல்லாம் அந்தப் படம் இருக்கிறது என்று தேடுங்கள். கூகுள் லென்ஸ் என்ற வசதி பல போன்களில் இருக்கிறது. படத்தைக் காட்டினால் அதே போன்ற படம் எங்கே உள்ளது என்று காட்டும்.

3. அந்த வியாபாரிக்கு மரியாதையாக எழுதுங்கள். சிலர் தெரியாமல் செய்திருப்பார்கள். உடனே எடுத்துவிடுவார்கள்.

4. எடுக்கவில்லை என்றால் விற்பனைப் பக்கம் நடத்தும் நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள். குறைதீர் அதிகாரியின் பெயரும் முகவரியும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

பதிப்புரிமை விதிகள், 2013 ஒரு வழி காட்டுகின்றன. உரியவர் விவரத்தோடு எழுத்தில் புகார் தர வேண்டும். நீதிமன்றம் போவேன் என்ற உறுதிமொழியும் அதில் இருக்க வேண்டும். புகார் சரி என்று பட்டால் நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் படத்தைத் தடுத்து வைக்க வேண்டும். 21 நாள் வரை அந்தத் தடை இருக்கும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் படம் மறுபடி வரலாம்.

"நீதிமன்றமா? வக்கீலுக்குப் பணம் யார் கொடுப்பது?" என்று கேட்பீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. 15100 என்ற எண்ணில் பேசிக் கேட்கலாம்.

வாங்கி ஏமாந்தவர்களுக்கும் வழி உண்டு. படத்தில் ஒன்று, பெட்டியில் வேறு என்றால் திருப்பி எடுக்க மாட்டேன் என்று வியாபாரி சொல்ல முடியாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் அப்படிச் சொல்கின்றன. புகார் கிடைத்தது என்று நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தை வாங்கிவிட்டுச் சரக்கே அனுப்பாமல் மோசடி செய்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அக்கா எழுதிய கடிதம்

அன்று வகுப்பில் அக்கா தானே ஒரு கடிதம் எழுதினார். நான்கு தடவை அடித்து எழுதினார். கடைசியில் இப்படி வந்தது.

"குறைதீர் அதிகாரி அவர்களுக்கு, வணக்கம்.

நான் கிழக்கேகோட்டையில் குழந்தைத் துணி தைத்து விற்கிறேன். உங்கள் பக்கத்தில் ஒரு வியாபாரி போட்டிருக்கும் படம் நான் எடுத்தது. படத்தில் இருப்பது என் மகள். அந்தப் படத்தைப் போட நான் அனுமதி கொடுக்கவில்லை. நான் எடுத்த முழுப் படத்தையும், அவர் போட்ட பக்கத்தின் படத்தையும் இத்துடன் அனுப்புகிறேன். அவர் என் படத்தில் துளசி மாடத்தில் பாதியை வெட்டியிருக்கிறார். என் படத்தில் மாடம் முழுவதும் இருக்கிறது. தயவுசெய்து என் படத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் நீதிமன்றம் போகவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,"

கீழே கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடம் முன்பு அந்த இடத்தில் பெருவிரல் ரேகை வைத்தவர் அவர். கடிதத்தை ஆங்கிலத்தில் மாற்ற அவருடைய அண்ணன் மகன் உதவினான். அன்று இரவே அனுப்பினார்கள்.

நான்காம் நாள் அந்தப் படம் பக்கத்தில் இருந்து போய்விட்டது. அக்கா கரமனை அம்மாளுக்கு இரண்டு படத்தையும் அனுப்பிக் காட்டினார். அவருக்கு விஷயம் புரிந்தது. "உன்னைத் திட்டிட்டேனே மக்களே" என்று வருத்தப்பட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த ஓணத்துக்குப் பதினொரு ஜோடிதான் விற்றது. போன நாள் போனதுதான். மற்ற வியாபாரி இப்போது வேறு யாருடைய படத்தையோ போட்டு விற்கிறார். அது யாருடைய மகளோ! அக்கா அந்தப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார். அந்தப் படத்தின் சொந்தக்காரரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

விளக்குக்கடை அண்ணாச்சி என்ன செய்தார்? மறுநாள் காலையிலேயே புளி போட்டு விளக்கைத் துலக்கினார். கடை வாசலில் வெள்ளை வேட்டியை விரித்தார். நடுவில் விளக்கை வைத்தார். அடியில் ஓர் அட்டை. அதில் அவர் கையெழுத்தில் தேதி. படம் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. பழைய படத்தின் பளபளப்பும் இல்லை.

"ஆனா இது என் விளக்கு, டீச்சர்" என்றார்.

சிந்தித்துப் பேசுவோம்

1. நீங்கள் வாங்கிய பொருள் படத்தில் இருந்தது போல் இருந்ததா? இல்லை என்றால் என்ன செய்தீர்கள்?

2. அண்ணாச்சி தெரியாமல் செய்தார். மற்ற வியாபாரி தெரிந்து செய்தார். இருவருக்கும் என்ன வித்தியாசம்? படத்துக்கு உரியவருக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

3. வாட்ஸ்அப்பில் வரும் படத்தை விற்பனைக்கு எடுக்கும் முன் யாரிடம் கேட்க வேண்டும்?

செய்து பார்ப்போம்

வீட்டில் உள்ள ஒரு பொருளை எடுங்கள். அதை விற்கப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு படம் எடுங்கள். ஒரு படத்தில் உங்கள் பெயரும் தேதியும் எழுதிய அட்டை இருக்கட்டும். அந்தப் பொருளின் நல்லதைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். குறையைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.